மெக்ரெகர்னு பேர் சொன்னா தூக்கு

ஸ்காட்லாந்து குடும்பப் பேருங்களப் பத்தி நெட்ல தேடுனா பக்கம் பக்கமா வந்து விழும், அதுல முக்காவாசி டூரிஸ்ட் கடைக்காரன் எழுதுனது, உங்க பேருக்கு இந்தக் கட்டம் போட்ட துணி, இந்தச் சின்னம், நீங்க ராஜ வம்சம், இந்தாங்க சாவிக்கொத்துன்னு முடியும். அதெல்லாம் எனக்கு ரெண்டு நிமிஷத்துல போரடிச்சிரும். ஆனா மெக்ரெகர்ங்கிற பேர் மட்டும் விடாம புடிச்சு இழுத்துச்சு. ஏன்னா அந்தப் பேரை வெச்சுக்கிட்டா மரண தண்டனைன்னு 1603ல உத்தரவு போட்டாங்க. நடுவுல ஒரு 32 வருஷம் எடுத்துட்டு, திரும்பப் போட்டு, ஒருவழியா 1774ல தான் மொத்தமா தூக்குனாங்க. திருடுனதுக்கு, கொலை பண்ணதுக்கு தண்டனைன்னா புரியுது, வாயைத் திறந்து "நான் மெக்ரெகர்"னு சொன்னதுக்கே தண்டனைன்னா அது வேற ரகம்.

இங்க ஸ்காட்லாந்துல எங்க ஆபிஸ்ல ஒருத்தர் இருக்கார், பேருக்குப் பின்னாடி முர்ரே. டீ குடிக்கும்போது பேச்சுவாக்குல "நாங்க உண்மையில முர்ரேவே இல்ல, மெக்ரெகர், எங்க பாட்டி சொல்லுவாங்க"ன்னார். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு பாட்டி கதை இருக்கும், நானும் தலையாட்டிட்டு விட்டுட்டேன். அப்புறம் உக்காந்து படிச்சா, அந்தப் பாட்டி சொன்னதுக்கு நல்லாவே சான்ஸ் இருக்குன்னு தெரியுது. எப்படின்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு வேகமா முடிச்சிடுவோம். மேக்னா கேலிக் மொழியில மகன். கிரெகர்ங்கிறது கிரெகரி தான், கிரேக்கத்துல இருந்து போப்புங்க வழியா சர்ச்சுக்குள்ள வந்து ஐரோப்பா முழுக்க பரவுன பேர். ஸோ கிரெகர் மகன். மேக்னு எழுதுனா ஸ்காட்லாந்து, வெறும் எம்-சி போட்டா அயர்லாந்துன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, சுத்தப் பொய், ஒரே ஆளோட பேரையே ஒரே பாதிரியார் ரெண்டு விதமாவும் எழுதி வெச்சிருப்பார். ஸ்காட்லாந்தோட மலைப்பக்கமான ஹைலேண்ட்ல அந்தக் காலத்துல இப்ப நாம ஃபார்ம்ல நிரப்புற மாதிரி நிலையான சர்நேம் கிடையாது, அப்பா பேர், தாத்தா பேர், முடி கலர், ஊர் பேர் இதெல்லாம் சேர்த்துத் தான் ஆளை அடையாளம் சொல்லுவாங்க, இனிஷியலோட வளர்ந்த நமக்கு இதப் புரிஞ்சுக்க சிரமமே இல்ல. மெக்ரெகர்னா ஒரு அப்பாவோட பேர்ங்கிறத விட "நான் இந்தக் கூட்டத்து ஆள்"னு சொல்றது. அதனால தான் அதத் தடை பண்ணணும்னு ராஜாவுக்குத் தோணுச்சு.

அந்தக் கூட்டத்தோட முழக்கம் "என் குலம் ராஜகுலம்". ஒம்பதாம் நூற்றாண்டு ராஜா கென்னத் மெக்ஆல்பின் இருக்காரே, அவரோட தம்பி கிரெகர் தான் எங்க மூலபுருஷன்னு சொல்லிக்குவாங்க. வரலாற்று ஆளுங்க யாரும் இத ஏத்துக்கிறதில்ல, எனக்கும் இது சும்மா பந்தாவாத்தான் தெரியுது. நிலம் கையை விட்டுப் போகப் போக வம்சாவளி உசரமாகும், எல்லா ஊர்லயும் அப்படித்தான். உறுதியா கைக்குக் கிடைக்கிறது 14ஆம் நூற்றாண்டுல தான், தங்கக் கடிவாளத்து கிரெகர்னு ஒருத்தர், அவர் மகன் ஒத்தக்கண் இயன், இந்த இயன் 1390ல செத்தார். ஆர்கைல், பெர்த்ஷயர் எல்லையில கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே, கிளென்லயன்னு மலைக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தாக்குங்க தான் இவங்க இடம்.

அங்க தான் பிரச்சனையே. இவங்க அந்த நிலத்துல தலைமுறை தலைமுறையா இருந்தாங்களே தவிர கையில பத்திரம் இல்ல. கத்தியால பிடிச்சோம், கத்தியால வெச்சிருக்கோம்ங்கிறது தான் அவங்க கணக்கு. பக்கத்துல இருந்த கேம்பெல் கூட்டம் வேற மாதிரி, ராபர்ட் புரூஸ் ராஜா காலத்துல இருந்தே சரியான பக்கம் நின்னு, ராஜா கையெழுத்துப் போட்ட தோலு பத்திரத்த வாங்கி பெட்டியில பூட்டி வெச்சவங்க. "ஆ"ங்கிற ஏரியோட கரையில கேம்பெல் கட்டுன கில்கர்ன் கோட்டை இன்னிக்கும் இடிஞ்சு நிக்குது, காலண்டர்ல எல்லாம் போடுவாங்க, பின்னாடி மலை, முன்னாடி தண்ணி, பாத்தா ரொமான்டிக்கா இருக்கும், 15ஆம் நூற்றாண்டுல அது எழும்புனப்ப பக்கத்துல குடியிருந்த மெக்ரெகருக்கு அப்படித் தெரிஞ்சிருக்காது. கொஞ்சம் கொஞ்சமா சொந்தக்காரன் குத்தகைக்காரனாகி, குத்தகைக்காரன் வெளியேத்தப்படுறவன் ஆனான். வெளியேத்துனவன் எங்க போவான், மலைக்கு மேல போனான், ராத்திரி இறங்கி வந்து மாட்டை ஓட்டிட்டுப் போனான். பனிமூட்டத்துப் பிள்ளைங்கன்னு இவங்களுக்கு ஒரு பட்டப்பேர் வந்ததும் இப்படித்தான்.

வெறும் மாட்டுத் திருடனுங்கன்னு நினைச்சுக்காதீங்க. 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஃபோர்டிங்கல்ங்கிற ஊர்ல ஜேம்ஸ் மெக்ரெகர்னு ஒரு பாதிரியார், லிஸ்மோர் சர்ச்சோட டீன், தம்பியோட சேர்ந்து கேலிக் பாட்டுங்களத் தேடித் தேடி ஒரு பெரிய கையெழுத்துப் புக்ல எழுதி வெச்சார். ஸ்காட்லாந்துல இருக்கிற பழைய கேலிக் கவிதைத் தொகுப்புன்னா அதுதான், அது இல்லன்னா எத்தனையோ பாட்டு காணாமப் போயிருக்கும். அந்தக் குடும்பத்துப் பேரைத் தான் நூறு வருஷம் கழிச்சு எழுதவே கூடாதுன்னாங்க.

1550கள்ல கிளென்ஸ்ட்ரே மேல இருந்த மேலுரிமைய, அதாவது அங்க இருக்கிறவனுக்கு நிலத்தப் பதிஞ்சு குடுக்கிற உரிமைய, கிளெனார்க்கி கேம்பெல் வாங்கிட்டார், கிரே காலின்னு சொல்லுவாங்க அவரை. வாங்குன கையோட வாரிசா வந்த சிவப்புமுடி கிரெகருக்கு நிலத்தப் பதிஞ்சு தர மாட்டேன்னுட்டார். அந்தப் பையன் கட்டியிருந்ததோ கேம்பெல் வீட்டுப் பொண்ணு, கிளென்லயன் டங்கன் கேம்பெலோட மக மரியன். பல வருஷம் காட்டுல ஒளிஞ்சு சண்டை போட்டு, கடைசியா மாட்டி, 1570 ஏப்ரல் 7ஆம் தேதி டே ஏரிப் பக்கம் தலைய வெட்டுனாங்க. வெட்டுனது அவளோட சொந்தக்காரங்க. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அவ பாடுன ஒப்பாரி தாலாட்டா மாறி இன்னிக்கும் கேலிக்ல பாடுறாங்க. வெட்டுன மரக்கட்டையில இருந்த ரத்தத்தக் குடிக்கிற அளவு குடிச்சிருப்பேன்னு அதுல ஒரு வரி வரும், அதுக்கு மேலயே குழந்தையத் தூங்க வைக்கிற மெட்டு ஓடிட்டு இருக்கும். அர்த்தம் தெரியாம முதல் தடவ கேட்டப்ப நல்ல சாஃப்ட்டான பாட்டுன்னு நினைச்சேன், தெரிஞ்சதுக்கு அப்புறம் ஹெட்போன்ல கேக்க முடியல.

மெக்ரெகர் பக்கமும் லேசுப்பட்டவங்க கிடையாது. 1589ல ராஜாவோட காட்டு அதிகாரி ஜான் டிரம்மண்டைக் கொன்னு, தலைய எடுத்துட்டுப் போயி அவரோட தங்கச்சி வீட்டு சாப்பாட்டு மேசை மேலயே வெச்சு, வாயில ரொட்டியத் திணிச்சிட்டுப் போனாங்கன்னு கதை. அப்புறம் பல்விடர் சர்ச்சுல மொத்தக் கூட்டமும் கூடி, ஒவ்வொருத்தனா அந்தத் தலை மேல கை வெச்சு, "இதுல எங்க எல்லாருக்கும் பங்கு"ன்னு சத்தியம் பண்ணாங்கன்னு சொல்றாங்க. ரொட்டி சமாச்சாரம் ஜோடிச்சதா இருக்கலாம், கொலை நடந்தது நிஜம். எடின்பர்கல இருந்த ராஜாவோட கவுன்சிலுக்கு இந்தக் கூட்டம் மேல கோபம் இப்படியே ஏறிக்கிட்டே வந்துச்சு.

தடைக்கு நேர் காரணம் கிளென் ஃப்ரூன் சண்டை. லோமண்ட் ஏரிக்கு மேற்கால இருக்கிற பள்ளத்தாக்கு, கல்கூன் கூட்டத்தோட இடம். (அந்தப் பேரை எழுதுறது ஒண்ணு, இங்க உள்ளவங்க வாயில வர்றது "கஹூன்", மென்சிஸ்னு எழுதிட்டு "மிங்கிஸ்"னு சொல்ற ஊர் இது, பழகிக்கணும்.) 1602 கடைசியில மெக்ரெகருங்க வந்து ஒரு பெரிய கொள்ளை அடிச்சிட்டுப் போனாங்க. அதுக்கு கல்கூன் தலைவர் பண்ண வேலை தான் ஹைலைட், செத்தவங்க, அடிபட்டவங்க வீட்டுப் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு, ரத்தக் கறை படிஞ்ச சட்டைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்டர்லிங்ல ராஜா ஆறாம் ஜேம்ஸ் முன்னாடி போய் நின்னாராம். ராஜாவுக்கு ரத்தம்னாலே ஆகாது, உடனே நீயே போய் அவங்களைப் புடின்னு அதிகாரம் குடுத்துட்டார். மெக்ரெகர் தலைவர் கிளென்ஸ்ட்ரே அலஸ்டர் சும்மா இருப்பாரா, 1603 பிப்ரவரி 7ஆம் தேதி ஆளோட வந்து நின்னார். கல்கூன் பக்கம் ஆளும் அதிகம், குதிரையும் இருந்துச்சு, ஆனா அந்தச் சதுப்புல குதிரை என்ன பண்ணும். முன்னாடியும் பின்னாடியும் மாட்டி, கல்கூன் பக்கம் கிட்டத்தட்ட 140 பேர் செத்தாங்க. அப்புறம் அலஸ்டர் மேல போட்ட குற்றப்பத்திரிகையில கொள்ளைக் கணக்கு இருக்கு பாருங்க, 600 மாடு, 800 ஆடு, 280 குதிரை. கொலையையும் ஆட்டு எண்ணிக்கையையும் ஒரே மூச்சுல எழுதியிருக்காங்க.

இப்ப தேதியக் கவனிங்க. மார்ச் 24 அன்னிக்கு இங்கிலாந்துல எலிசபெத் ராணி செத்துட்டாங்க. ஜேம்ஸுக்கு லண்டன் சிம்மாசனம், வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த பிரமோஷன். ஏப்ரல் 5 எடின்பர்கல இருந்து கிளம்புறார். கிளம்புறதுக்கு ரெண்டே நாள் முன்னாடி, ஏப்ரல் 3, கவுன்சில் உக்காந்து மெக்ரெகர்ங்கிற பேரையே ஒழிச்சாச்சு, இனிமே அந்தப் பேரை வெச்சிருக்கிறவன் வேற பேர் வெச்சுக்கணும், இல்லன்னா சாவுன்னு உத்தரவு போடுது. பெரிய ஊருக்கு வேலை மாறிப் போற ஆளு மேசையில கிடந்த தலைவலி ஃபைலக் கடைசி நாள்ல ஒரே கையெழுத்துல முடிச்சிட்டுப் போன மாதிரி தான் எனக்கு அது தெரியுது.

அலஸ்டர் கதைய முடிச்சிடுறேன், ஏன்னா இது கேவலமான கதை. அவரைப் பிடிச்சது ஆர்கைல் ஏர்ல், அவரும் கேம்பெல் தான், ஏழாவது ஏர்ல். சரணடைஞ்சா உன்னை பத்திரமா இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போய் ராஜாகிட்ட விடுறேன்னு வாக்கு குடுத்தார். வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாத்துனார் மனுஷன். எல்லைய தாண்டி இங்கிலாந்து மண்ணுல இருக்கிற பெர்விக் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க, கால் அங்க பட்டுச்சா, சரி திரும்புன்னு அப்படியே எடின்பர்குக்குக் கொண்டாந்துட்டாங்க. 1604 ஜனவரி 20, ஊர் நடுவுல மெர்காட் கிராஸ்ல தூக்கு. கூட வந்தவங்களையும், முன்னாடியே பிணையாப் பிடிச்சு வெச்சிருந்த ஆளுங்களையும் சேர்த்து தொங்கவிட்டு, தலைவர்ங்கிறதால இவரை மட்டும் மத்தவங்கள விட ஓர் ஆள் உயரம் மேல தொங்கவிட்டாங்க. சாகுறதுக்கு முன்னாடி அலஸ்டர் குடுத்த வாக்குமூலத்துல, கல்கூன் மேல பாய்னு என்னைத் தூண்டிவிட்டதே இந்த ஆர்கைல் தான்னு சொல்லியிருக்கார். தூக்குல நிக்கிறவன் யாரை வேணா கைகாட்டுவான், அத அப்படியே நம்பணும்னு இல்ல. ஆனா ஆர்கைல் தான் அப்ப ராஜா சார்புல மெக்ரெகருங்கள மேய்க்கிற பொறுப்புல இருந்தவர், வேட்டையில கிடைச்ச அபராதத்துல அவருக்கும் பங்கு போச்சு, அதையும் சேர்த்துப் பாக்கணும்.

அதுக்கப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா உத்தரவு. சண்டையில இருந்தவனுங்க சாப்பிடறதுக்கு வெச்சிருக்கிற முனை மழுங்குன கத்தியத் தவிர ஆயுதமே வெச்சுக்கக் கூடாது. 1613ல நாலு பேருக்கு மேல ஒண்ணா கூடக் கூடாதுன்னாங்க. அதுக்கு முன்னாடி 1611ல வந்தது இன்னும் மோசம், ஒரு மெக்ரெகர் தனக்குச் சமமான அந்தஸ்துல இருக்கிற இன்னொரு மெக்ரெகரைக் கொன்னா அவனுக்கு மன்னிப்பு. அதாவது பேரையும் விடு, அண்ணன் தலையையும் கொண்டா. மோப்ப நாய் வெச்சுத் துரத்துனதெல்லாம் அந்த வருஷங்கள்ல தான். பேரை விட்டவனுக்கும் சும்மா விடுதலை கிடையாது, நிலம் வெச்சிருக்கிற பெரிய மனுஷன் யாராவது "இவனுக்கு நான் பொறுப்பு"ன்னு ஜாமீன் நிக்கணும். நின்னவரோட பேரையே பல பேர் எடுத்துக்கிட்டாங்க, நம்ம ஆபிஸ் முர்ரே குடும்பம் மாதிரி ஆளுங்க உருவானது இந்த இடத்துல தான். முர்ரே, கிரஹாம், டிரம்மண்ட், ஸ்டூவர்ட், கிரான்ட்னு யார் நிழல்ல ஒதுங்குனாங்களோ அந்தப் பேர். சிலர் கிரெகரி, கிரெய்க்னு பழைய பேரையே லேசா தேச்சு வெச்சுக்கிட்டாங்க. சிலர் பிளாக், ஒயிட், கிங்னு யாரும் கண்டுக்காத பேரா பாத்து எடுத்தாங்க. கொடுமை என்னன்னா நிறைய பேர் எடுத்தது கேம்பெல். துரத்துறவனோட பேரைப் போட்டுக்கிட்டா அவன் எதுக்குத் துரத்தப் போறான்னு யோசிச்சிருக்காங்க, தப்பு சொல்ல முடியாது. மறைச்சு வெச்ச நிலக்காரங்களுக்கும் அடி விழுந்துச்சு, கிரான்ட் மாதிரி பெரிய குடும்பங்களே அபராதம் கட்டுனாங்க.

1617ல பார்லிமென்ட் இத உறுதிப்படுத்துச்சு. 1633ல சார்லஸ் ராஜா காலத்துல வந்த சட்டத்துல ஒரு விஷயம் என்னை ரொம்ப நேரம் உக்கார வெச்சிருச்சு, எந்தப் பாதிரியாரும் ஆம்பளப் பிள்ளைக்கு கிரெகர்னு ஞானஸ்நானம் குடுக்கக் கூடாது, எந்த எழுத்தரும் அந்தப் பேர்ல பத்திரம் எழுதக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, பிறப்பும் பதியாது, கடனும் எழுத முடியாது, கல்யாணமும் சொந்தப் பேர்ல நடக்காது. கத்தியால நிலம் பிடிச்சவன் பத்திரம் இல்லாம தோத்தான், இப்ப அவன் புள்ளைக்குப் பத்திரத்துல இடமே இல்ல.

ஆனா வீட்டுக்குள்ள யார் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எந்தக் கவுன்சிலும் வந்து பாக்க முடியாதே. வெளியில கேம்பெல், உள்ள மெக்ரெகர்னு ரெட்டை வாழ்க்கை ஓடிச்சு. 1640கள்ல உள்நாட்டுச் சண்டை வந்தப்ப இவங்க மான்ட்ரோஸ் பிரபு பின்னாடி ராஜா பக்கம் நின்னாங்க, எந்த ராஜகுடும்பம் தங்கள அழிக்கப் பாத்துச்சோ அதே குடும்பத்துக்காக. அந்த விசுவாசத்துக்காக ரெண்டாம் சார்லஸ் 1661ல தடைய எடுத்தார். 1689ல திரும்பவும் ஸ்டூவர்ட் ராஜாவுக்காக கில்லிக்ராங்கியில சண்டை போட்டாங்க, ஆனா இந்த தடவ ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தது வில்லியம், ஸோ 1693ல தடை மறுபடியும். விசுவாசத்துக்கு வந்த பரிசு எவ்ளோ நாள் தாங்கும்னு தெரிஞ்சுக்கலாம்.

1693 ஜனவரியில தான் ராப் ராய் கல்யாணம் பண்ணார். 1671ல கிளென்கைல்ல பொறந்த ராபர்ட் மெக்ரெகர், ராய்னா சிவப்புமுடி. கல்யாணம் ஆன வருஷமே பேர் போச்சு, அம்மா கேம்பெல் வீட்டுப் பொண்ணு, அவங்க பேரை எடுத்து ராபர்ட் கேம்பெல் ஆயிட்டார். இவரை ஏழைக்குக் குடுக்கிற கொள்ளைக்காரனா காட்டுறதுக்கு 1817ல வால்டர் ஸ்காட் எழுதுன நாவல் பெரிய காரணம், நிஜத்துல அவர் மாட்டு வியாபாரி, கூடவே "உன் மாடு திருடு போகாம பாத்துக்கிறேன், காசு குடு"ங்கிற பாதுகாப்பு பிசினஸ். மாடு வாங்க மான்ட்ரோஸ் டியூக் கிட்ட 1000 பவுண்டு வாங்கியிருந்தார், வேலைக்கு இருந்த மாட்டு ஓட்டி பணத்தோட எஸ்கேப். டியூக் விடல, வீட்டைப் பிடுங்கிட்டாங்க, ராப் ராய் தேடப்படும் குற்றவாளி ஆனார். அப்ப அவருக்கு அடைக்கலம் குடுத்தது யார் தெரியுமா, ஆர்கைல் டியூக். கேம்பெல்! மான்ட்ரோஸுக்கும் ஆர்கைலுக்கும் ஆகாது, அதுக்கு இவர் ஒரு கருவி. நூறு வருஷப் பகைன்னு மேடையில பேச நல்லா இருக்கும், தரையில அந்தந்த வருஷத்துக் கணக்கு தான் ஓடுது.

அவர் 1734 டிசம்பர் கடைசியில வீட்லயே படுக்கையில செத்தார், அந்தத் தொழிலுக்கு இது பெரிய சாதனை. பல்விடர் சர்ச் வாசல்ல சமாதி, கேலண்டர்ங்கிற ஊர்ல இருந்து வடக்க போற ரோட்டுல இடது பக்கம் திரும்பி உள்ள போகணும், ரோடு ஒரு காருக்குத்தான் அகலம், எதிர்ல வேன் வந்தா ரிவர்ஸ் தான். வேலி போட்ட இடத்துல மூணு கல்லு படுக்கையா கிடக்கும், அவர், பொண்டாட்டி மேரி, ரெண்டு பசங்க. அவர் கல்லு மேல கத்தி செதுக்கியிருக்கு, பாசி ஏறி ஓரமெல்லாம் மழுங்கி, விரல் வெச்சுத் தடவுனாத் தான் கோடு தெரியுது, அந்தக் கல்லே அவருக்கு முந்தின காலத்துது. மேல டூரிஸ்ட் போட்ட சில்லறை கிடந்துச்சு. பின்னாடி வந்த காலத்துல வெச்ச தலைக்கல்லுல எழுதியிருக்கிறத நம்ம பாஷையில சொன்னா "மெக்ரெகர் தான், அவனுங்க என்ன பண்ணாலும்". கேம்பெல்ங்கிற பேர் அங்க எங்கயும் இல்ல.

அவர் உயிரோட இருக்கும்போது நடந்த ஒரு கூத்து எனக்கு ரொம்பப் புடிச்சது. ஸ்டூவர்ட் குடும்பத்தத் திரும்ப சிம்மாசனத்துல உக்கார வைக்க நடந்த 1715 கலகத்துக்கு அப்புறம் 1717ல அரசாங்கம் பொது மன்னிப்பு குடுத்துச்சு, எல்லாருக்கும் மன்னிப்பு, மெக்ரெகர் பேர்ல இருக்கிறவங்களத் தவிரன்னு. அப்படி ஒரு பேரே கிடையாதுன்னு சட்டம் இருக்கிறப்பவே இன்னொரு சட்டத்துல அந்தப் பேரைப் போட்டு விலக்கு வைக்கிறாங்க! கோர்ட்லயும் இதே தலைவலி. ராப் ராயோட பசங்க ஒரு பொண்ணக் கடத்துன கேஸ்ல மாட்டுனாங்க (சின்னவன் ராபின் 1754ல தூக்குல போனான், அது வீரம் கீரம் எதுவும் இல்ல, சொத்துக்காக ஒரு இளம் விதவைய ராத்திரி வீடு புகுந்து தூக்கிட்டுப் போன அசிங்கம்). அந்த ரெக்கார்ட்ல மெக்ரெகர் என்கிற டிரம்மண்ட், மெக்ரெகர் என்கிற கேம்பெல்னு எழுதியிருக்காங்க. தடை பண்ண பேரை எழுதாம அரசாங்கத்தாலேயே ஆளை அடையாளம் காட்ட முடியல.

1774ல தடை போச்சு. அதுக்குள்ள ஹைலேண்ட்ல பயப்பட எதுவும் மிச்சமில்ல, 1746ல ஸ்டூவர்ட் பக்கம் தோத்த கல்லோடன் சண்டைக்கு அப்புறம் ஒரு தலைவர் கீழ கூட்டமா இருக்கிற கிளான் முறையே உடைஞ்சு, ஆம்பளைங்க நிறைய பேர் பிரிட்டிஷ் ஆர்மியில இருந்தாங்க. இப்ப தலைவர் யாருங்கிற கேள்வி. 826 பேர் கையெழுத்து போட்டு லான்ரிக் ஜான் முர்ரேங்கிறவர ஏத்துக்கிட்டாங்க, ஆமா, தலைவரே முர்ரேங்கிற பேர்ல தான் இருந்தார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியில வங்காளத்துல ஆடிட்டர் ஜெனரலா இருந்து சம்பாதிச்சவர், நம்ம ஊர்ப் பணத்துல தான் அந்தத் தலைமைக்கு பாலிஷ் போட்டிருக்காங்கன்னு நினைச்சா கொஞ்சம் கசக்குது. 1822ல நாலாம் ஜார்ஜ் எடின்பர்க் வந்தப்ப இவரோட மகன் இவான் மெக்ரெகர் ஆளுங்களோட போய் ஸ்காட்லாந்து கிரீடத்துக்கே காவல் நின்னார், அதே வருஷம் கிளான் கிரெகர் சங்கமும் ஆரம்பிச்சாங்க. பேரைச் சொன்னா தூக்குன்னு இருந்தது, இப்ப ஊர்வலத்துல முன்னாடி.

ஆனா எல்லாரும் திரும்பி வரல, இத யாரும் பெருசா சொல்றதில்ல. நாலஞ்சு தலைமுறை முர்ரேவா இருந்தவன் எதுக்கு மாத்தணும், கடை போர்டு, நிலக் குத்தகை, பொண்டாட்டி வீட்டுக்காரங்க எல்லாருக்கும் அவன் முர்ரே தான். அபர்டீன் பக்கம் கிரெகரியான ஒரு குடும்பமும் மெக்ரெகர் வழின்னு தான் சொல்லிக்கும். அதுல 1638ல பொறந்த ஜேம்ஸ் கிரெகரி தான் நியூட்டனுக்கு முன்னாடியே கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்புக்கு டிசைன் போட்டவர், இன்ஜினியரிங் மேத்ஸ்ல வர்ற கிரெகரி சீரிஸும் அவர் பேர் தான், அத அவருக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு மேல முன்னாடியே கேரளாவுல சங்கமகிராம மாதவன் கண்டுபிடிச்சிட்டார்ங்கிறது வேற விஷயம், இப்ப ரெண்டு பேர் பேரும் சேர்த்து தான் சொல்றாங்க. அதே வம்சத்து டாக்டர் ஒருத்தர் செஞ்சது தான் கிரெகரி பவுடர், வயித்துக்கு. கிரெய்க்னு ஆனவங்க பேரும் கிரெகர் தான், அபர்டீன் பக்கத்துல இருந்து 1770கள்ல நார்வே போன அலெக்சாண்டர் கிரெய்கோட கொள்ளுப்பேரன் தான் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக், அங்க போய் எழுத்து இடம் மாறிடுச்சு.

உங்களுக்கோ, கூட வேலை பாக்குறவங்களுக்கோ இந்தப் பேரைத் தேடணும்னா ஒரு விஷயம். ஸ்காட்லாந்துல அரசாங்கப் பதிவு 1855ல தான் ஆரம்பம், அதுக்கு முன்னாடி எல்லாம் சர்ச் பதிவேடு. 1774க்கு முன்னாடி மெக்ரெகர்னு தேடிட்டு இல்லன்னு மூடிடாதீங்க, அதே ஊர்ல முர்ரே, டிரம்மண்ட், கேம்பெல் பக்கத்தப் புரட்டுங்க, "என்கிற"ன்னு எங்கயாவது இருக்கும். பொம்பளைங்க கல்யாணம் ஆகியும் அப்பா வீட்டுப் பேர்லயே தான் பதிவாகியிருப்பாங்க, அது பெரிய உதவி. இப்ப ஆம்பளை வழி டிஎன்ஏ டெஸ்ட்டும் வந்துருச்சு, வேற வேற சர்நேம்ல இருக்கிறவங்க பழைய தலைவர் வழியோட பொருந்துறாங்க, மெக்ரெகர்னு பேர் வெச்சிருக்கிற பல பேர் பொருந்தாமலும் போறாங்க, ஏன்னா அந்தக் காலத்துல கூட்டத்துல சேர்ந்தவன் எல்லாம் ரத்த சொந்தம் இல்ல. நம்ம முர்ரே டெஸ்ட் எடுக்க மாட்டேங்கிறார், கேம்பெல்னு வந்துட்டா பாட்டி முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு.

கடைசியா ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது. கிரெகர் மெக்ரெகர், 1786ல ராப் ராய் ஊர்ப் பக்கத்துலயே பொறந்தவர், தென் அமெரிக்கா போய், ஸ்பெயின்கிட்ட இருந்து விடுதலைக்குப் போராடுன பொலிவார் படையில ஜெனரல் வரைக்கும் ஆனார். அப்புறம் லண்டன் திரும்பி, மத்திய அமெரிக்கக் கடற்கரையில போயாய்ஸ்னு ஒரு நாடு இருக்கு, நான் தான் அதுக்கு அதிபதின்னு ஒரு கதை விட்டார். நகரம், பேங்க், ஓபரா ஹவுஸ் எல்லாம் இருக்குன்னு விளம்பரம். சொந்த ஊர் ஸ்காட்லாந்துக்காரங்கள நம்ப வைக்க ராப் ராய் ஊர்க்காரன்ங்கிற பேரே போதுமா இருந்துச்சு. 200000 பவுண்டுக்கு பாண்ட் வித்தார், ஏக்கர் கணக்குல நிலம் வித்தார், ஏமாந்தவங்க கையில இருந்த நல்ல காச வாங்கிக்கிட்டு போயாய்ஸ் டாலர்னு அச்சடிச்ச காகிதம் குடுத்தார். 1822 செப்டம்பர்ல லண்டன்ல இருந்து ஒரு கப்பல், 1823 தொடக்கத்துல லீத் துறைமுகத்துல இருந்து ஒரு கப்பல், மொத்தம் 250 பேர் கிட்ட. போய் இறங்குனா கொசுவும் காடும் தான். பாதிக்கு மேல காய்ச்சல்ல செத்தாங்க. இவர் ஜெயிலுக்குக் கூட சரியா போகல, 1845ல கராகஸ்ல செத்தப்ப ராணுவ மரியாதையோட கதீட்ரல்ல அடக்கம் பண்ணாங்க. பாண்ட் வாங்குனவங்களுக்கு ஒரு காசு திரும்ப வரல.